தெருநாய்களுக்காக உழைத்து என்ன கண்டீர்கள்? மும்பைத் தமிழர்கள் எழுதுங்கள்

சயான்வாசி

வணக்கம். "நாய் பின்னாடி அலைஞ்சு என்னத்தம்மா கண்டே?" ஊரிலிருந்து போனில் பேசும் சித்தி முதல் எதிர்வீட்டு மராத்திப் பாட்டி வரை என்னிடம் இதைக் கேட்காதவர் இல்லை. பாதிப்பேர் கேலிக்காகக் கேட்பதில்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்கிறார்கள். அதனால் நிதானமாகப் பதில் எழுதிப் பார்க்கிறேன். இந்த ஊரில் இதே வேலையைச் செய்கிற மற்றத் தமிழர்களும் எழுதுங்கள். எதிர்க்கருத்து உள்ளவர்களும் வாருங்கள், மரியாதையாகப் பேசலாம்.

நான் இருப்பது சயான் கோலிவாடா பக்கம். எந்த அமைப்பிலும் உறுப்பினர் இல்லை. ஆபீஸ் போய் வருகிற ஆள். எங்கள் சந்தும் அதை ஒட்டிய மார்க்கெட் முனையும்தான் என் எல்லை.

2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லி வட்டாரத் தெருநாய்களை எட்டு வாரத்தில் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதிலிருந்து இங்கேயும் பேச்சு சூடாகிவிட்டது. ஆகஸ்ட் 22ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். வெறிநோய் உள்ளதையும் ஆக்ரோஷமானதையும் மட்டும் விடக்கூடாது. கண்ட இடத்தில் சோறு வைக்காமல் வார்டுதோறும் அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்றது. முதல் உத்தரவு எல்லார் காதிலும் விழுந்தது. இரண்டாவது பலருக்குத் தெரியவே தெரியாது. இன்றைக்கும் எங்கள் பில்டிங்கில் "எல்லாத்தையும் பிடிச்சுட்டுப் போகச் சொல்லிட்டாங்களே, இன்னும் ஏன் இங்கே திரியுது?" என்று கேட்கிறார்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். நாய் காப்பாற்றுவது என்றால் சாக்கடையில் விழுந்ததைத் தூக்குவது, அடிபட்டதை ஆட்டோவில் போட்டு ஓடுவது என்று வீடியோக்கள் பார்த்து நினைக்கிறோம். அதுவும் தேவைதான். ஆனால் எனக்கு நிறைவு தந்தது வேறு. எங்கள் சந்தில் இப்போது குட்டி பிறப்பதில்லை. முன்பெல்லாம் மழைக்காலம் முடிகிற நேரத்தில் கார்களுக்கு அடியிலும் மீட்டர் பெட்டிக்குப் பின்னாலும் குட்டிகள் கண் திறக்கும். சக்கரத்தில் மாட்டியும் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து ரத்தமாகப் போயும் பெரும்பாலானவை ஒரு மாதத்துக்குள் செத்துவிடும். குழந்தைகள் பெயர் வைத்துக் கொஞ்சுவார்கள், பிறகு அழுவார்கள். இன்றைக்கு அந்த அழுகை இல்லை. ராத்திரி பெட்டை நாய்க்காக ஆண் நாய்கள் கூடிக் குதறிக்கொள்வதும் இல்லை. வீடியோவில் காட்ட இதில் ஒன்றுமே கிடையாது, ஆனாலும் இதற்குத்தான் நான் பாடுபட்டேன்.

கடைசியாகப் பிடிபட்டது வெள்ளைக்காலி என்ற பெட்டை. வலை என்றால் ஒரு தெரு தள்ளி ஓடிவிடுவாள். கூண்டைக் கொண்டுவந்து, கதவைக் கம்பியால் திறந்தபடி கட்டிவைத்துவிட்டு, சோற்றுத் தட்டை முதலில் கூண்டுக்கு வெளியே வைத்தேன். அடுத்து வாசலில், பிறகு பாதி உள்ளே. ஒரு கட்டத்தில் உள்ளேயே படுத்துத் தூங்க ஆரம்பித்தாள். முனிசிபாலிட்டி வண்டி வருகிற அன்றைக்குக் கதவை மூடினால் போதுமாக இருந்தது, குரைக்கக்கூட இல்லை. ஆபரேஷன் முடிந்து, கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காதில் போடுகிற சின்ன வெட்டோடு திரும்பி வந்தவள் நேரே அதே மூலையில்தான் போய்ப் படுத்தாள்.

உங்கள் அனுபவம் சொல்லுங்கள். எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

முலுண்ட் அப்பா

எதிர்க்கருத்தையும் எழுதலாம் என்றீர்கள், எழுதுகிறேன்.

என் மகள் டியூஷன் முடிந்து வரும்போது கெண்டைக்காலில் கடி வாங்கினாள். பல் பதிந்து ரத்தம். அன்றைக்கே தடுப்பூசியும் காயத்தைச் சுற்றி வெறிநோய் எதிர்ப்புச் சீரமும் போட்டார்கள். அப்புறம் மூன்றாம் நாள், ஏழாம் நாள், 28ஆம் நாள். ஊசியைவிடப் பெரிய கஷ்டம் அதற்குப் பின்னால் வந்தது. அந்தத் தெருவில் நடக்கவே மாட்டேன் என்கிறாள். லேசாகக் குரைப்புச் சத்தம் கேட்டாலும் என் கையை இறுக்கிப் பிடிக்கிறாள்.

அந்த நாய்க்குச் சோறு போடுகிறவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். கேட்டால் "அது யாரையும் கடிக்காது" என்கிறார். கடித்த பிறகும் அதையேதான் சொல்கிறார். உங்களுக்குக் கிடைக்கிற நிறைவுக்கு என் மகள் ஏன் விலை கொடுக்க வேண்டும்? அன்பு இருந்தால் வீட்டுக்குக் கூட்டிப்போய் வளருங்கள். தெருவில் வேண்டாம்.

பரேல் டாக்டர்

முலுண்ட் அப்பா, முதலில் மகள் எப்படி இருக்கிறாள்? ஊசி முறை முழுதாக முடிந்துவிட்டதா? நடுவில் ஒன்றுகூட விடக்கூடாது. காயம் ஆறிவிட்டதே என்று கடைசி ஊசியை விட்டுவிடுகிற வீடுகள் நிறைய.

நான் பரேலில் உள்ள பம்பாய் கால்நடைக் கல்லூரியில் படித்தவள். 1886ல் தொடங்கிய பழைய கல்லூரி. இப்போது தனியாக மருத்துவம் பார்க்கிறேன், தெருநாய்களுக்கும் பார்க்கிறேன். உங்கள் கோபத்தில் தப்பே இல்லை. "அது கடிக்காது" என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பயந்தாலும், வலித்தாலும், குட்டி போட்டிருந்தாலும் எந்த நாயும் கடிக்கும். சோறு போடுகிறவர் ஊசி போட்ட விவரத்தைக் கையில் வைத்திருந்து, கேட்டவுடன் காட்ட வேண்டும். சோறு மட்டும் போட்டுவிட்டு மற்றதைக் கண்டுகொள்ளாமல் இருப்பதை நான் சேவையாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் "தெருவில் வேண்டாம்" என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு தெருவில் நாய் இருப்பதற்குக் காரணம் அங்கே தின்னக் கிடைப்பதுதான். கறிக்கடைக் கழிவு, ஓட்டல் மிச்சம், குப்பைத்தொட்டி. இருக்கிற நாய்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் தீனி அப்படியே இருக்கும், இடம் காலியாகும். பக்கத்துத் தெருவிலிருந்து புது நாய்கள் வரும். அவற்றுக்கு ஊசி போட்டிருக்காது, உங்கள் மகளின் முகமும் தெரியாது. ஊசி போட்ட, குட்டி போடாத பழைய நாய்கள் அங்கேயே இருந்தால் புதிதாக வருவதை அவையே விரட்டும்.

வெறிநோய்க் கணக்கும் இதே மாதிரிதான். ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவுகிற சங்கிலி அறுந்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கோவாவில் வருஷம் தவறாமல் வலையோடு தெருத்தெருவாகப் போய் ஊசி போட்டுத்தான் 2021ல் வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலம் என்று அறிவிக்க முடிந்தது. நம் பக்கத்து மாநிலம், கொங்கண் ரயிலில் போனால் ஒரு ராத்திரிப் பயணம். மும்பையால் முடியாதா?

இழையைப் படிக்கிற எல்லாருக்கும் ஒன்று. கடித்தாலோ, நகம் பட்டு ரத்தம் வந்தாலோ, காயத்தில் நக்கினாலோ உடனே குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய் எதையும் அப்பாதீர்கள். அப்புறம் நேரே ஆஸ்பத்திரி. நாயை முடிந்தால் பத்து நாள் கண்காணியுங்கள். எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருக்கிற நாய் அந்தப் பத்து நாளுக்குள் நோய் காட்டிவிடும், செத்தும்போகும். ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ஊசியும் கண்காணிப்பும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் பிறகு யாராலும் காப்பாற்ற முடியாது.

தொண்ணூறடி ரோட்டுக்காரன்

டாக்டர் அம்மா சொன்னது சத்தியம். நான் தாராவி 90 அடி ரோடு. அப்பா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கேயே ஊன்றிய குடும்பம்.

எங்கள் பக்கத்தில் நாய் வேலை என்றால் மழை மாசத்தில் புழுப் புண்தான். சின்னக் கீறலாக இருக்கும், ஈ வந்து முட்டை இடும், அடுத்த நாளே உள்ளே புழு நெளியும். காதுக்குப் பின்னால், வால் அடியில், நாயால் நக்க முடியாத இடமாகப் பார்த்து வரும். கிட்டப் போனாலே நாற்றத்தில் தெரியும். முதலில் நாயின் வாயைத் துணி நாடாவால் கட்டிவிட வேண்டும், வலியில் திரும்பினால் நம் கைதான் போகும். அப்புறம் டாபிக்யூர் ஸ்பிரே அடித்துக் கொஞ்ச நேரம் விட்டால் புழு ஒவ்வொன்றாக மேலே தலை நீட்டும். இடுக்கியால் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் முடிந்தது என்று நினைக்கும்போது பக்கத்துக் குழியிலிருந்து இன்னொரு கூட்டம் வரும். எல்லாம் எடுத்த பிறகு ஹிமாக்ஸ் களிம்பு பூசிவிட்டு, மறுநாளும் அதற்கு மறுநாளும் பார்க்க வேண்டும். ஆழமாகப் போயிருந்தால் நாமே கை வைக்காமல் டாக்டரிடம் தூக்கிப் போய்விடுவது நல்லது.

எங்கள் சந்தில் இதைச் செய்கிறது நான் மட்டும் இல்லை. தோல் பட்டறையில் வேலை பார்க்கிற பையன், இட்லி விற்கிற அக்கா, கறிக்கடை பாய். பாய்தான் காசு வாங்காமல் கோழிக் கழிவைத் தனியாக எடுத்துவைப்பார். அக்கா சோற்றோடு மஞ்சள் போட்டு வேகவைத்துத் தருவார். பையன் நாயைப் பிடிப்பான். இத்தனை வருஷம் ஒரே சந்தில் இருந்தும் பாயும் அக்காவும் பேசிக்கொண்டதே இல்லை. இப்போது அக்கா வீட்டுக் கல்யாணத்துக்குப் பாய் குடும்பத்தோடு வந்தார். என்ன கண்டாய் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

எனக்கு இருக்கிற ஒரே கவலை தாராவி மறுசீரமைப்பு. நாளைக்கு ஆட்களை ஒவ்வொரு இடமாக மாற்றும்போது இந்த நாய்கள் என்ன ஆகும்? மனுஷனுக்கே எந்த இடம் என்று தெரியாதபோது நாயைப் பற்றி எவன் பேசுவான் என்று கேட்கலாம். நாங்கள் பேசத்தான் வேண்டும். இடிக்கிற வண்டி வருவதற்கு முன்பே எல்லாவற்றுக்கும் ஊசியும் ஆபரேஷனும் முடித்து வைத்துவிட வேண்டும் என்று பார்க்கிறோம்.

மாட்டுங்கா மாமி

தொண்ணூறடி ரோட்டுத் தம்பி, நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நன்றாக இரு.

எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இந்த ஊர் தெருநாய்க்காக முதல் தடவை சண்டை போட்டது 1832ல். தெருநாயைக் கொன்றால் தலைக்கு இவ்வளவு காசு என்று கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கம் கொடுத்துக்கொண்டிருந்தது. பார்சிகளுக்கு நாய் புனிதமானது, அவர்களுடைய சாவுச் சடங்கிலேயே நாய்க்கு இடம் உண்டு. ஜூன் 6ஆம் தேதி நாய் பிடிக்க வந்தவர்களை எதிர்த்து அவர்கள் தெருவில் இறங்கினார்கள். மறுநாள் கடையடைப்பு, வெள்ளைக்காரர்கள் இருந்த கோட்டைக்குள் போகிற ரொட்டியும் தண்ணீரும் நின்றன. அப்படிப்பட்ட ஊரிலும் முனிசிபாலிட்டி நாய்களைக் கொல்வதை நிறுத்திக் கருத்தடைக்கு மாறியது 1994ல்தான். சென்னை மாநகராட்சி மாறியது 1996ல். ஆனால் கொல்லாமல் கருத்தடை செய்து பாருங்கள் என்று 1964லிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது சென்னை புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு. கேப்டன் சுந்தரம் குடும்பத்தார் 1959ல் ஆரம்பித்தது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960ல் வந்ததற்குப் பின்னால் ராஜ்யசபையில் மசோதா கொண்டுவந்து வாதாடிய ருக்மிணி தேவி அருண்டேல் இருக்கிறார். விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. நாட்டியத்துக்காக அவரைத் தெரிந்தவர்கள் இதற்காகவும் தெரிந்துகொள்ள வேண்டும். "நம்மவாளுக்கு எதுக்கு நாய் விவகாரம்" என்று என்னிடம் சொல்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

அந்தச் சட்டத்தில் இன்னும் மாறாத ஒன்று, முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. நாயின் மேல் வெந்நீர் ஊற்றினவன் ஐம்பது ரூபாயை வீசிவிட்டுப் போகலாம். கொன்றாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தின் 325ஆம் பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறை உண்டு. புகார் கொடுக்கும்போது அந்தப் பிரிவையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

சொசைட்டி சண்டைக்கு வருகிறேன். 2023 விலங்கு கருத்தடை விதிகளில் சோறு வைக்கும் இடத்தைப் பற்றித் தெளிவாக இருக்கிறது. குழந்தைகள் விளையாடும் இடம், வாசல், மாடிப்படி இவற்றுக்குத் தள்ளி, நடமாட்டம் குறைந்த இடமாகச் சொசைட்டியே ஒதுக்க வேண்டும். சோறு வைக்கிறவர்கள் இடத்தைச் சுத்தமாக வைக்க வேண்டும். நான் செக்ரட்டரியிடம் விதியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போகவில்லை. இடம் எது, நேரம் எது, துடைப்பது யார் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போனேன். எல்லா நாயின் போட்டோவும் ஊசி போட்ட தேதியும் கூடவே வைத்தேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "மழையில் என்ன செய்வீர்கள்?" அதற்கும் பதில் இருந்தது, பின்பக்கத் தண்ணீர்த்தொட்டிக்கு மேல் உள்ள ஷீட். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

செம்பூர் காலேஜ்

எல்லாருக்கும் வணக்கம். நான் இப்போதுதான் ஆரம்பிக்கிறேன், காலேஜ் இரண்டாம் வருஷம். கையில் காசு கிடையாது. இன்ஸ்டாகிராமில் ரெஸ்க்யூ என்று பணம் கேட்டால் யாரும் நம்புவதில்லை. நிறைய ஏமாற்றும் நடக்கிறது. நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

இன்னொன்று, அவசரமாகக் கேட்கிறேன். எங்கள் பில்டிங் மாடிப்படிக்கு அடியில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை. வாட்ச்மேன் அண்ணா குட்டிகளை மட்டும் எடுத்து எங்காவது விட்டுவிடலாம் என்கிறார். யாராவது சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.

சயான்வாசி

தம்பி, வாட்ச்மேன் அண்ணாவை இன்றைக்கே தடுத்து வை. குட்டி விஷயத்தை டாக்டர் விவரமாகச் சொல்வார்.

காசுக்கு என் வழி இதுதான். ரொக்கமாக வாங்குவதே இல்லை. மெடிக்கல் ஷாப்பிலோ ஆஸ்பத்திரியிலோ நேரே கட்டச் சொல்வேன். பில்லையும் நாயின் அன்றைய போட்டோவையும் அன்றைக்கே குரூப்பில் போடுவேன். காசு தர முடியாதவர்களிடம் பழைய பெட்ஷீட், அரிசி, கார் இருந்தால் ஒரு சவாரி, இப்படிக் கேட்பேன். கருத்தடைக்கு முனிசிபாலிட்டி வழியாகப் போனால் நமக்குச் செலவே இல்லை. அலைச்சல் மட்டும்தான். நாய்க்குக் கால் உடைந்தது, பெரிய ஆபரேஷன் என்றால் பரேலில் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் ஆஸ்பத்திரி இருக்கிறது, நூறு வருஷத்துக்கு மேலாக இந்த ஊர் விலங்குகளைப் பார்க்கிற இடம். 2024ல் மகாலட்சுமியில் டாடா டிரஸ்ட்ஸ் 165 கோடி செலவில் சிறு விலங்கு ஆஸ்பத்திரியும் திறந்துவிட்டார்கள். முன்பைவிட நமக்கு இப்போது வசதி அதிகம்.

முலுண்ட் அப்பா, உங்கள் மகள் நடக்கிற வழியைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். உங்கள் தெருவில் எத்தனை நாய்க்குக் காது வெட்டு இருக்கிறது என்று பார்க்க முடியுமா?

முலுண்ட் அப்பா

மகள் ஊசிகளை முடித்துவிட்டாள். விசாரித்ததற்கு நன்றி டாக்டர்.

சயான்வாசி கேட்டார் என்று நேற்று போய்ப் பார்த்தேன். ஒன்றுக்குத்தான் காது வெட்டு இருக்கிறது. மற்ற எதற்கும் இல்லை. இரண்டு பெட்டைக்கு மடி தொங்குகிறது, சமீபத்தில் குட்டி போட்டிருக்கும். அப்படியென்றால் அந்தச் சோறு போடுகிறவர் இத்தனை வருஷம் என்ன செய்தார்? கோபம் கூடத்தான் செய்கிறது.

டாக்டர் சொன்ன காரணம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் என் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. குழந்தைகள் படிக்கிற இடத்தருகே நாய்க் கூட்டம் இருக்கக்கூடாது. 2025 நவம்பர் 7ஆம் தேதி உத்தரவில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் இங்கிருந்தெல்லாம் அகற்ற வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதை நீங்கள் யாரும் குறிப்பிடவில்லை.

பரேல் டாக்டர்

குறிப்பிட்டிருக்க வேண்டியதுதான், நீங்கள் சொன்னது நல்லது. அந்த உத்தரவு இருக்கிறது. பள்ளிக்கூட வளாகத்துக்குள் நாய் வேண்டாம் என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை. வேலி போட்டு, கேட்டை மூடி, மதியச் சாப்பாட்டு மிச்சத்தை வெளியே கொட்டாமல் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். எனக்கு இருக்கிற கவலை பிடித்துக்கொண்டு போகிற இடத்தைப் பற்றித்தான். 2014 கணக்கெடுப்பில் மும்பையில் தெருநாய்கள் 95 ஆயிரத்துக்கு மேல். 2024 மதிப்பீட்டில் 90 ஆயிரத்துச் சொச்சம். அதில் ஒரு சிறு பங்கை அடைக்கக்கூட இடமோ ஆளோ கிடையாது. நெருக்கியடித்து அடைத்தால் ஒன்றுக்கு டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய் வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். அதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

உங்கள் தெருவில் ஒன்றுக்குத்தான் காது வெட்டு என்றீர்களே, அதுதான் பிரச்சினையின் வேர். மடி தொங்குகிற இரண்டும் குட்டியைக் காக்கத்தான் பாய்கின்றன. கடிகளில் கணிசமானவை இப்படி வருபவை. புகாரை நீங்களே கொடுங்கள். "நாயை அகற்றுங்கள்" என்று எழுதாமல் "கருத்தடையும் தடுப்பூசியும் செய்யுங்கள்" என்று எழுதுங்கள், கடிபட்ட தேதியோடு. கடிபட்ட குழந்தையின் அப்பா எழுதுகிற புகாருக்கு நாங்கள் எழுதுவதைவிட எடை அதிகம்.

செம்பூர் தம்பிக்கு: தாயையும் குட்டியையும் பிரிக்காதே. கண் திறக்காத குட்டி தாய் இல்லாமல் பிழைக்காது. குட்டியைத் தேடுகிற தாய் பில்டிங்கில் எல்லார் மேலும் பாயும், அதுவே புகாராக மாறும். ஒரு அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, உள்ளே சாக்கு போட்டு, குழந்தைகள் கிட்டப் போகாதபடி எதையாவது குறுக்கே வை. தாய்க்குச் சோறும் கோழியும் கொடு, பாலும் பிஸ்கட்டும் வேண்டாம், வயிறு கெட்டுவிடும். பாலூட்டுகிற தாயை இப்போது ஆபரேஷனுக்குப் பிடிக்கக்கூடாது.

அந்தேரி இரவுப்பணி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இந்த இழையில் யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும், சாவு.

நான் ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது நாய்களைப் பார்க்கிறவன். ஒரு பெட்டை, பின்பக்கம் ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தது. எல்லாரும் மாதவிலக்கு என்றார்கள். டாக்டர் பார்த்துவிட்டு அது இணைசேர்கையில் தொற்றுகிற கட்டி என்றார். வின்கிரிஸ்டின் என்ற மருந்து, புற்றுநோய்க்குப் போடுவது, வாரம் ஒரு ஊசி. மூன்றாவது ஊசிக்கே ரத்தம் நின்றது. கட்டி சுருங்கிக் காணாமலே போனது. தெருநாய்களிடம் நிறைய இருக்கிற நோய், நிறையப் பேருக்குத் தெரியாது. பார்த்தால் விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் குணமாகும்.

அவள் பிழைத்தாள். ஆனால் அதே மாதம் டிஸ்டெம்பரில் ஒரு குட்டி என் மடியிலேயே வலிப்பு வந்து போனது. அப்புறம் தூக்கமே வரவில்லை. மனைவி சொன்னாள், "நீ எல்லாத்தையும் தூக்கிச் சுமக்கப் பார்க்கிறே." அதன் பிறகு ஒரு எல்லை போட்டுக்கொண்டேன். என் தெரு, என்னால் முடிந்த ராத்திரிகள். மற்ற தெருவிலிருந்து போன் வந்தால் அந்தத் தெருக்காரர்களுக்கே சொல்லிக்கொடுப்பேன், நான் ஓடமாட்டேன். இது கல்நெஞ்சு இல்லை. ஒரே வருஷத்தில் மனம் சோர்ந்துபோய் இந்தப் பக்கமே வராமல் போன நல்ல ஆட்களை எனக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று. காசு கொடுத்து வாங்கின ஹஸ்கியையும் ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த சிப்பிப்பாறையையும் ஹைவேயில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். ஓடிப் பழகின வேட்டை நாயை ஒரு பெட்ரூம் வீட்டில் அடைத்தால் அது என்ன செய்யும், சோபாவைக் கிழிக்கும். தயவுசெய்து ஊரில் மாமா குட்டி தருகிறார் என்றால் வாங்கி வராதீர்கள். தெருக்குட்டி ஒன்றை எடுத்து வளருங்கள். மும்பை வெயிலும் மழையும் அதன் உடம்புக்குப் பழக்கம்.

தொண்ணூறடி ரோட்டுக்காரன்

அந்தேரி தம்பி சொன்ன எல்லை விஷயம் முக்கியம். எங்கள் சந்தில் முறை வைத்துத்தான் செய்கிறோம். ஒருத்தர் ஊருக்குப் போனால் இன்னொருத்தர் பார்ப்பார்.

முலுண்ட் அப்பாவுக்கு ஒரு வார்த்தை. அண்ணாச்சி, உங்கள் தெருவில் அந்த ஆள் தனியாகச் செய்கிறார் போலிருக்கிறது. தனி ஆளால் நாய் பிடிக்க முடியாது. சோறு வைக்க மட்டும்தான் முடியும். அவரைத் திட்டுவதற்கு முன்னால் ஒருமுறை உட்கார்ந்து பேசிப் பாருங்கள். வேண்டுமென்றால் நாங்கள் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை வந்து பிடிக்க உதவுகிறோம்.

முலுண்ட் அப்பா

புகாரை எழுதிவிட்டேன், டாக்டர் சொன்ன மாதிரியே. வார்டு ஆபீஸில் நேரில் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். அவரிடம் பேசுவது எனக்குக் கஷ்டம், ஆனாலும் பேசுகிறேன். மகளைக் கூட்டிக்கொண்டு போகமாட்டேன், பயம் தெளிய அவளுக்கு வேண்டிய நேரத்தை அவள் எடுத்துக்கொள்ளட்டும். தாராவிக்காரர் வருவதாகச் சொன்னது உண்மையென்றால் தனிச்செய்தியில் எண்ணை அனுப்புகிறேன்.

தொண்ணூறடி ரோட்டுக்காரன்

உண்மைதான். அனுப்புங்கள் அண்ணாச்சி. வலையும் கூண்டும் எங்களிடம் இருக்கிறது. வண்டி வருகிற தேதியை மட்டும் வார்டிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முந்தின ராத்திரி அவற்றுக்குச் சோறு வைக்கக்கூடாது, மயக்க ஊசிக்கு வெறும் வயிறு வேண்டும். அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

செம்பூர் காலேஜ்

வாட்ச்மேன் அண்ணா ஒத்துக்கொண்டார். பெட்டி வைத்தாயிற்று. மாமி சொன்ன மாதிரி ஒரு காகிதத்தில் எழுதி செக்ரட்டரியிடமும் கொடுத்தேன். இரண்டு மாதம் டைம் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு என்ன வரிசையில் செய்ய வேண்டும், டாக்டர்?

பரேல் டாக்டர்

குட்டிகளுக்கு ஆறு வாரம் ஆகும்போது பூச்சி மருந்தும் பார்வோ, டிஸ்டெம்பர் சேர்ந்த முதல் ஊசியும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. எட்டு வாரத்திலிருந்து தத்துக் கொடுக்கலாம். கொடுக்கும் வீட்டை நேரில் போய்ப் பார், ஆறு மாதத்தில் கருத்தடை செய்கிறோம் என்று எழுதி வாங்கிக்கொள். குட்டிகள் பால் மறந்து தாயின் மடி வற்றியதும் முதல் வேலையாகத் தாயை ஆபரேஷனுக்கு அனுப்பு, அடுத்த சினைக்கு இடம் கொடுக்காதே. தத்துப் போகாத குட்டிகளை ஆறு மாதத்துக்கு முன்னால் முனிசிபாலிட்டியில் எடுக்கமாட்டார்கள், விதி அப்படி. எத்தனை ஆண், எத்தனை பெண் என்று பார்த்து எழுது. பெண் குட்டிகளுக்கு வீடு கிடைப்பது கஷ்டம், அவற்றுக்கு இப்போதிருந்தே ஆள் தேடுவோம்.

மாட்டுங்கா மாமி

ஒரு பெண் குட்டி எங்கள் சொசைட்டிக்கு. மூன்றாவது மாடியில் என் சிநேகிதி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். டாக்டர் சொன்ன அந்தக் காகிதத்தில் அவளைக் கையெழுத்துப் போட வைப்பது என் பொறுப்பு. ஊசி போட்ட பிறகு சொல்லு தம்பி, டாக்சி பிடித்து நானே செம்பூருக்கு வருகிறேன்.